ஜன்னலிலிருந்து நான்காவது கல்

ஆகஸ்ட் 9

கோழியின் காலில் சேறு இருந்தது. பன்னிரண்டு நாளாக மழை இல்லை, முற்றம் வெடித்துக் கிடக்கிறது. காலையில் அது வீட்டுக்குக் கீழேயிருந்து வெளியே வந்தபோது பார்த்தேன். இரண்டு காலிலும் கறுப்புச் சேறு.

அம்மாவுக்கு ஏழு மணி மாத்திரை கொடுத்தேன். ஒன்பது மணிக்கு இடப்பக்கம் திருப்பினேன். முதுகில் புண் இல்லை.

இந்த டைரி உரக்கடையில் அப்பாவுக்குக் கொடுத்தது. போன வருடத்தது. தேதி சரியாக இருக்கும், கிழமை பொருந்தாது. அம்மாவின் மாத்திரையையும் திருப்பிப் படுக்க வைக்கிற நேரத்தையும் எழுதச் சொல்லி அப்பா கொடுத்தார். மிச்ச இடம் சும்மா கிடக்கிறது.

ஆகஸ்ட் 11

மாத்திரை ஏழு, இரண்டு, ஒன்பது. எல்லாம் கொடுத்தேன்.

எங்கள் வீட்டுக்குப் பலகைத் தரை. குன்னூரில் பழைய பங்களாக்களில் எல்லாம் அப்படித்தான். எங்களுடையது பங்களா இல்லை, அதன் வேலைக்காரர்கள் இருந்த வீடு. சரிவில் நிற்கிறது. பின்னால் மேடு. முன்னால் சின்ன முற்றம், முற்றத்தின் ஓரத்தில் இரண்டு ஆள் உயரத்துக்குக் கல் சுவர் கீழே இறங்குகிறது. அந்தச் சுவர்தான் எங்கள் முற்றத்தைத் தாங்குகிறது. சுவருக்குக் கீழே இரண்டு வீடு. இடது பக்கம் தையல்கார யாக்கோபு மாமா தனியாக இருக்கிறார். வலது பக்கம் தேவகி அக்காவும் அவர்களுடைய இரண்டு பெண்களும். அவர்கள் வீட்டுக்காரர் திருப்பூரில்.

பலகைக்குக் கீழே மண் வரைக்கும் வெறும் இடம்தான், ஒரு ஆள் தவழலாம். அப்பாவால் முடியாது, என்னால் முடியும். மூலையில் ஒரு பலகை ஆணி இல்லாமல் இருக்கும். அதைத் தூக்கிவிட்டு இறங்கி முட்டை எடுப்பேன். பத்து வயதிலிருந்து எடுக்கிறேன்.

போன வருடம் ஜூனில் அம்மா வெந்நீர்ப் பானையோடு நடந்து வந்தபோது ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு பலகை முறிந்தது. வலது கால் தொடை வரை உள்ளே போய்விட்டது. தொடை எலும்பும் இடுப்பும் உடைந்தது. அப்போது நான் ஒன்பதாவது. பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை. போகாததில் எனக்கு அவ்வளவு வருத்தம் இல்லை. "உள்ளேன் டீச்சர்" என்று சொல்லியும் எனக்கு ஆப்சென்ட் விழும். என் குரல் மேசை வரை போகாது.

ஆகஸ்ட் 20

அப்பா குப்பண்ண மேஸ்திரியைக் கூட்டி வந்தார். மேஸ்திரி குதிகாலால் பலகைகளைத் தட்டிக்கொண்டே நடந்தார்.

"சவரிமுத்து, இது வீடா பரணா? இன்னும் நாலு பேரு விழற வரைக்கும் வச்சிருப்பியா?"

"அதுக்குத்தான உன்னக் கூப்பிட்டேன். எல்லாத்தையும் பிடுங்கு. மண்ணப் போட்டு ரொப்பி கான்கிரீட் போட்டுரு. யானை வந்து ஆடினாலும் அசையக் கூடாது."

"யானை எதுக்கு, உன் வேன ஓட்டிட்டு வந்து உள்ளயே நிறுத்து."

அம்மா கட்டிலில் இருந்து சிரித்தாள். மேஸ்திரி போன பிறகு அப்பா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். "இனிமே உன் காலுக்குக் கீழ ஓட்டையே இருக்காது லூர்து" என்றார். அம்மா வேறு பக்கம் பார்த்தாள்.

ஆகஸ்ட் 28

அம்மாவைக் கட்டிலோடு சமையலறைக்கு மாற்றினோம். அங்கே எப்போதோ சிமெண்டு போட்டாயிற்று. பலகைகளைப் பிடுங்க ஒன்றரை நாள் ஆனது. குறுக்குக் கட்டைகளைக் கையால் பிய்க்க முடிந்தது, ஊறின ரொட்டி மாதிரி.

வீடு வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. கீழே என் சீப்பு ஒன்று, பள்ளிக்கூட அடையாள அட்டை, ஏராளமான முட்டை ஓடு. நடுவே கல் வாய்க்கால்.

வாய்க்கால் எனக்குத் தெரியும். ஒரு சாண் அகலம். பின் சுவரில் ஜன்னலுக்கு நேர் கீழே ஒரு துவாரம், அங்கே ஆரம்பிக்கிறது. நேராக வந்து, அறையின் நடுவில் இடப்பக்கம் திரும்பி, பக்கச் சுவரில் இருக்கிற துவாரம் வழியாக வெளியே போகிறது. வெளியே படிக்கட்டு ஓரத்துச் சாக்கடை. ஐப்பசி மழையில் மேட்டிலிருந்து ஊறுகிற தண்ணீர் எல்லாம் வீட்டுக்குக் கீழே ஓடிப் போய்விடும். பாய் போட்டுப் படுத்தால் காதுக்குக் கீழேயே கேட்கும். காய்கறி வேன் ஓட்ட அப்பா இரண்டரை மணிக்கு எழுந்து போகிறவர், படுத்ததும் தூங்கிவிடுவார். அவர் கேட்டிருக்க மாட்டார்.

மேஸ்திரி எட்டிப் பார்த்து, "இதென்ன, வெள்ளக்காரன் எலிக்கு ரோடு போட்டுக் குடுத்திருக்கான்" என்றார்.

நான் மேஸ்திரியிடம் வாய்க்காலைப் பற்றிச் சொன்னேன்.

செப்டம்பர் 2

பின்பக்க மேட்டை வெட்டி மண் எடுத்துப் போடுகிறார்கள். வாய்க்கால் மூடியாயிற்று. கோழி நாள் முழுக்க வாசலில் கத்திக்கொண்டு நின்றது. விறகுக் கூடையில் வைக்கோல் போட்டுப் பார்த்தேன், முட்டையிடவில்லை.

செப்டம்பர் 4

போட்ட மண் இறுக வேண்டும் என்று நேற்று குழாயைத் திறந்து அறை முழுக்கத் தண்ணீர் கட்டினார்கள். சாயங்காலம் குளம் மாதிரி நின்றது. இன்று காலையில் ஒரு சொட்டு இல்லை.

மேஸ்திரிக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா சவரிமுத்து, மண்ணு எப்படிக் குடிக்குதுன்னு. இப்படிக் குடிச்சாத்தான் நல்லா உக்காரும்." மறுபடி கட்டினார்கள்.

மத்தியானம் பக்கச் சுவரின் துவாரத்தில் மண் கரைந்து சாக்கடைக்குப் போவதை மேஸ்திரி பார்த்துவிட்டார். துவாரத்தில் கல்லைத் திணித்து சிமெண்டு பூசினார். கை கழுவிக்கொண்டே, "எலி ரோடு குளோஸ்" என்றார். அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன்.

செப்டம்பர் 5

துணி காயப்போடும்போது தேவகி அக்கா கீழேயிருந்து கூப்பிட்டார்கள்.

"செலினு, உங்க வீட்டுல யாரு இவ்வளவு குளிக்கிறா? எங்க பின்னாடி செவுரு பூரா வேர்த்து ஊத்துது."

நான் தலையாட்டினேன்.

"நீ தலையாட்டினா எனக்கு இங்கிருந்து தெரியாது கண்ணு. வாயத் தொறந்து சொல்லு."

"மண்ணுக்குத் தண்ணி விடுறாங்க அக்கா."

"என்னது?"

அதற்குள் சின்னவள் மதி அழுதாள். அக்கா உள்ளே போய்விட்டார்கள்.

செப்டம்பர் 9

கான்கிரீட் போட்டார்கள். அம்மா முதல் சட்டிக் கலவையைப் போட வேண்டும் என்று அப்பா ஆசைப்பட்டார். நாற்காலியில் வைத்துத் தூக்கி வாசல்படி வரை கொண்டுவந்தோம். அம்மா ஒரு கை கலவையை எடுத்துப் போட்டாள். கையைக் கழுவாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் மட்டம் பண்ணிய பிறகு ஈரத்தில் சிலுவை போட வேண்டும். எங்கள் ஆட்கள் புதுத் தளம் போட்டால் அப்படிச் செய்வார்கள். வீட்டுப் பெண்தான் போட வேண்டும். அப்பா கையில் ஒரு ஆணியைக் கொடுத்து, "எங்க வேணுமோ அங்க போடும்மா" என்றார். குறுக்கே போட்டிருந்த பலகை மேல் நடந்து போனேன். போய் உட்கார்ந்த இடம், வாய்க்கால் திரும்புகிற இடம். எனக்குத் தெரியும். அங்கேதான் போட்டேன்.

"நட்ட நடுவுல கரெக்டா போட்டிருக்கு பாரு, என் பொண்ணு" என்றார் அப்பா.

செப்டம்பர் 25

டைல்ஸ் ஒட்டி முடித்தார்கள். வழுக்காத ரகம், சாம்பல் நிறம். சக்கரம் உருளுகிற மாதிரி வாசல்படியையும் சரிவாக்கிவிட்டார்கள். முற்றத்துக்கும் சிமெண்டு. இருட்டுகிற நேரத்தில் ஆள் இல்லாதபோது எண்ணிப் பார்த்தேன். சிலுவை இருக்கிற இடம் ஜன்னலிலிருந்து நான்காவது கல்.

அக்டோபர் 2

சக்கர நாற்காலி வந்தது. கோயில் சங்கத்தில் கொடுத்தார்கள். அம்மாவை அதில் உட்கார வைத்தோம். சக்கரத்தைத் தள்ளச் சொல்லித் தந்தேன். இரண்டு கையாலும் ஒரு தள்ளு தள்ளினாள், வண்டி அறையின் மறுகோடிக்குப் போய்விட்டது. அம்மா கூச்சலிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மறந்தே போயிருந்தேன்.

தானே வாசலுக்கு உருட்டிப் போனாள், முற்றத்துக்கும். கீழேயிருந்து யாக்கோபு மாமா பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

"யாரு அது, ராணி மகாராணி ரதத்துல வராங்க? லூர்தம்மா, பதினஞ்சு மாசமா உன் ஜாக்கெட்டு அளவு எங்கிட்ட சும்மா கெடக்கு."

"இப்ப அளவு மாறியிருக்கும் அண்ணே."

"படுத்துக்கிட்டே தின்னா மாறத்தான் செய்யும்."

சாயங்காலம் அவரே படியேறி வந்து ஒரு மெத்தை கொடுத்தார். மிச்சத் துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்தது. நாற்காலிக்குச் சரியாக இருந்தது. அதில் என் பழைய பாவாடைத் துணியும் ஒரு கட்டம் இருக்கிறது.

அக்டோபர் 3

அம்மாவைத் திருப்ப வேண்டியிருக்கவில்லை. நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தாள்.

அக்டோபர் 19

மழை பிடித்துவிட்டது. படுத்துக் காதை வைத்துக் கேட்டேன். தரை சும்மா இருக்கிறது.

அக்டோபர் 27

மாத்திரை ஏழு, இரண்டு, ஒன்பது. தரை வேர்க்கிறது. துணியால் துடைத்தேன். குளிருக்கு டைல்ஸ் வேர்க்கும் என்று அப்பா சொன்னார்.

அக்டோபர் 30

வேர்ப்பது அறை முழுக்க இல்லை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருக்கிற பூச்சு, ஒரு வரிசை மட்டும் கறுத்திருக்கிறது. ஜன்னலில் ஆரம்பித்து நேராக வந்து நான்காவது கல்லில் இடப்பக்கம் திரும்புகிறது. காலையிலும் மத்தியானமும் துடைத்தேன். அப்பா வருவதற்குள் ஒருமுறை துடைத்துவிட்டேன்.

அம்மா நாற்காலியில் இருந்து நான் துடைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 3

துடைத்தேன். மூன்று முறை.

நவம்பர் 6

முற்றத்துச் சிமெண்டில் சுவர் ஓரமாக ஒரு விரிசல். யாரும் தடுக்கி விழக்கூடாது என்று துணி துவைக்கிற பலகையை அதன் மேல் போட்டு வைத்தேன்.

நவம்பர் 9

விடியற்காலை ஐந்து மணிக்குச் சுவர் விழுந்தது. இடது பாதி. யாக்கோபு மாமா வீட்டின் மேல்.

நவம்பர் 10

அவர் சமையலறையில் இருந்தார். காப்பி போட எழுந்திருக்கிறார். முற்றத்தில் பாதியும் கல்லும் மண்ணும் சேர்ந்து போய்விட்டது. தீயணைப்பு வண்டி ஆட்கள் நேற்று பதினொரு மணிக்கு அவரை வெளியே எடுத்தார்கள். அப்பா அவர்களோடு நின்று மண் அள்ளினார். நகமெல்லாம் பிய்ந்துவிட்டது. மாமாவின் தையல் மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் மேல் பாதி தைத்த சட்டை, ஊசி அதிலேயே இருந்தது.

முற்றத்தில் நின்றவர்கள், இந்த மழைக்கு எந்தச் சுவர்தான் நிற்கும் என்று பேசிக்கொண்டார்கள். ஊரில் இன்னும் மூன்று இடத்தில் மண் சரிந்ததாம்.

அம்மாவுக்கு இரண்டு மணி மாத்திரை கொடுக்க மறந்துவிட்டேன்.

நவம்பர் 11

அடக்கம். பெட்டியை அப்பாவும் தூக்கினார். நான் போகவில்லை, அம்மாவோடு இருந்தேன். அம்மா அந்த மெத்தையை எடுத்துக் கட்டிலுக்குக் கீழே வைக்கச் சொன்னாள்.

மத்தியானம் தாலுக்கா ஆபீசில் இருந்து ஒரு அம்மா வந்து எழுதிக்கொண்டு போனார்கள். பழைய சுவர், கன மழை. எழுதிவிட்டு அப்பாவிடம், "வீட்டுல ஏதாவது வேலை பாத்தீங்களா?" என்று கேட்டார்கள்.

"தரைக்கு டைல்ஸ் போட்டோம்ங்க. வேற ஒண்ணும் இல்லைங்க."

அந்த அம்மா என் பக்கம் திரும்பி, "ஏதாவது விரிசல் பாத்தியா பாப்பா, முன்னாடியே?" என்றார்கள்.

நான் இல்லை என்று தலையாட்டினேன். துவைக்கிற பலகையும் சுவரோடு கீழே போய்விட்டது.

நவம்பர் 13

சுவர் விழுந்த அன்று பள்ளிக்கூட முகாமுக்குப் போன தேவகி அக்காவும் பிள்ளைகளும் திரும்பி வந்துவிட்டார்கள். வலது பாதிச் சுவர் அப்படியே நிற்கிறது, அதனால் வந்துவிட்டார்கள். முகாமில் கழிப்பறை ஒன்றுதான், சின்னவளுக்குக் காய்ச்சல்.

நான் முற்றத்து ஓரத்தில் நின்றேன். அக்கா நிமிர்ந்து பார்த்து, "அப்படி ஓரத்துல நிக்காத கண்ணு, பயமா இருக்கு" என்றார்கள்.

நவம்பர் 14

இன்று அப்பாவிடம் சொன்னேன். அவர் வேன் கழுவிக்கொண்டிருந்தார். கிட்டப் போய் நின்று, வீட்டுக்குக் கீழே ஓடிய தண்ணீரைச் சொன்னேன். வாய்க்காலையும், தரை வேர்ப்பதையும், நான் துடைத்ததையும் சொன்னேன். அவர் குழாயை மூடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"எனக்கும் தெரிஞ்சுபோச்சும்மா. மண்ணு அள்ளும்போதே தெரிஞ்சுது. மேல இருந்து விழுந்த மண்ணு பூரா நம்ம வீட்டு மண்ணு. கூழு மாதிரி."

"இன்னொரு பாதி இருக்குப்பா. தேவகி அக்கா வீட்டு மேல."

"மழை விடட்டும். தை பொறந்ததும் சத்தமில்லாம தரைய ஒரு ஓரமா உடைச்சு தண்ணிய விட்டுர்றேன். இப்ப உடைச்சா என்ன அர்த்தம்? யாக்கோபு அண்ணன நான்தான் கொன்னேன்னு நானே ஊருக்குச் சொல்ற மாதிரி. போலீசு வரும். அம்மாவ யாரு பாப்பா?" பிறகு என் தலையில் ஈரக் கையை வைத்தார். "நீ வாயத் தொறக்காத கண்ணு. எப்பவும் தொறக்க மாட்ட இல்ல, அப்படியே இரு."

நான் சரி என்றேன்.

ஆகஸ்ட் 28 பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். மேஸ்திரியிடம் சொன்னேன் என்று எழுதியிருக்கிறேன். நடந்தது இதுதான். டீ கொண்டுபோய் நீட்டினேன். அப்போது இரண்டு பேர் கட்டையில் ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள், ஒரே சத்தம். "அதுல தண்ணி வரும்" என்று சொன்னேன். மேஸ்திரி டீயை வாங்கிக்கொண்டு, "சக்கரை போட்டிருக்கா?" என்றார். நான் போட்டிருக்கு என்றேன்.

அவருக்குக் கேட்கவில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். அதற்குப் பிறகும் கான்கிரீட் போடப் பன்னிரண்டு நாள் இருந்தது. தினம் இரண்டு வேளை டீ கொடுத்தேன்.

நவம்பர் 15

அப்பா மேட்டுப்பாளையத்துக்குக் கேரட் லோடு ஏற்றிப் போனார். சாயங்காலம் போன் வந்தது. ரோட்டில் மரமும் மண்ணும் விழுந்து கிடக்கிறது, கீழேயே நிறுத்திவிட்டார்கள். நாளைக்கும் வர முடியுமா தெரியாது என்றார். "அம்மாவ பாத்துக்க" என்றார்.

நவம்பர் 16

விடிந்ததிலிருந்து மழை. மாத்திரை ஏழு மணிக்குக் கொடுத்தேன்.

எட்டு மணிக்கு முற்றத்துக்குப் போய்ப் பார்த்தேன். மிச்சமிருந்த சிமெண்டில் விரிசல். நேற்று விரல் போகாது, இன்று கை மணிக்கட்டு வரை போனது. ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்தேன். சுவர் வயிறு தள்ளிக்கொண்டு நிற்கிறது. கல் சந்துகளில் எல்லாம் செம்மண் தண்ணீர் வடிகிறது. கீழே அக்கா வீட்டுக் கூரையில் புகை.

"தேவகி அக்கா" என்றேன். மழையில் எனக்கே கேட்கவில்லை.

இன்னொரு தடவை கூப்பிட்டேன். சாதனா மட்டும், பெரியவள், கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

மூன்றாவது தடவை எப்படிக் கூப்பிட்டேன் என்று தெரியவில்லை. தொண்டை கிழிந்த மாதிரி வலித்தது. அக்கா கையில் கரண்டியோடு ஓடி வந்தார்கள்.

"யாருடி அது, செலினா? உனக்கு இவ்வளவு குரல் இருக்கா?"

"அக்கா, செவுரு வருது. பிள்ளைங்களக் கூட்டிட்டு வெளிய வந்துருங்க. இப்பவே. அடுப்ப அப்படியே விட்டுட்டு வாங்க."

அவர்கள் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார்கள். அப்புறம் உள்ளே ஓடினார்கள். ஒரு பெண்ணை இடுப்பிலும் ஒரு பெண்ணைக் கையிலும் பிடித்துக்கொண்டு படியேறினார்கள். எங்கள் வீட்டுக்கு நேராக வந்ததும் பிள்ளைகளிடம், மேலே கோயிலுக்குப் போய் சிஸ்டரிடம் உட்காரச் சொல்லி அனுப்பினார்கள். அக்கா மட்டும் நின்றார்கள். "நீ எப்படிச் சொல்ற, வருதுன்னு?"

வேன் கொட்டகையில் இருந்து கடப்பாரையை எடுத்துக்கொண்டு பக்கச் சுவருக்குப் போனேன். மேஸ்திரி அடைத்த துவாரத்தில் குத்தினேன். சிமெண்டு உடைந்து கல் விழுந்தது. அதற்குப் பின்னால் மண். அடித்து இறுக்கின மண். கடப்பாரை முழு நீளத்துக்கும் குத்திப் பார்த்தேன். முனையில் ஈரம் மட்டும் வந்தது, தண்ணீர் வரவில்லை. தண்ணீர் வாய்க்கால் திரும்புகிற இடத்தில்தான் தேங்கி நிற்கும், உள்ளேயிருந்து அங்கே உடைத்துத் துவாரம் வரை வழி விட வேண்டும்.

கடப்பாரையோடு வீட்டுக்குள் போனேன். அக்கா பின்னாலேயே வந்தார்கள்.

அம்மா நாற்காலியில் இருந்தாள். அறையின் நடுவில், சரியாக அந்தக் கறுத்த வரிசையின் மேல். கடப்பாரையைப் பார்த்தாள், அப்புறம் என்னை.

"அம்மா, தள்ளு."

அம்மா சக்கரத்தைத் தொடவில்லை. "அப்பா என்ன சொன்னாரு?"

"தெரியும். தள்ளும்மா."

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அன்னைக்கு எங்காலு தண்ணிக்குள்ளதான் போச்சு. கணுக்கால் வரைக்கும் ஜில்லுனு ஓடுச்சு. வலியவிட அதுதான் எனக்கு ஞாபகம். அவரு மண்ணு போட்டு ரொப்புறேன்னு சொன்னப்பவே நெனச்சேன். சொன்னா வேணாம்னு நிறுத்திருவாருன்னு சொல்லல. ஒரு தடவையாவது நானா வாசலுக்குப் போகணும்னு இருந்துச்சு."

"எனக்கும் தெரியும்மா."

"நீ துடைக்கிறத பாத்தேன்ல."

தேவகி அக்கா வாசலில் நனைந்து சொட்டிக்கொண்டு நின்றார்கள். "என்ன பேசுறீங்க ரெண்டு பேரும்? எந்தத் தண்ணி?"

அவர்கள் பக்கம் திரும்பினேன். வீட்டுக்குக் கீழே வாய்க்கால் இருந்ததையும், அதை மண் போட்டு மூடியதையும், தண்ணீர் போக வழியில்லாமல் முற்றத்துக்கு அடியில் நிறைந்து சுவரைத் தள்ளுவதையும் சொன்னேன். வேகமாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு வார்த்தையும் அவர்களுக்குக் கேட்கிறதா என்று பார்த்துச் சொன்னேன்.

கரண்டி இன்னும் அக்கா கையில் இருந்தது.

"அப்போ யாக்கோபு அண்ணன்?"

"ஆமா அக்கா."

"உங்களுக்குத் தெரியுமா? முன்னாடியே?"

"தெரியும் அக்கா. எனக்குத் தெரியும்."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டார்கள். நான் காத்திருந்தேன். அவர்கள் போகவில்லை.

அம்மா இரண்டு கையாலும் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்தாள். தானே உருட்டிக்கொண்டு சமையலறை வாசல் வரைக்கும் போய் நின்றாள்.

நான் ஜன்னலுக்குப் போய் அங்கிருந்து எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது கல்லின் மேல் இரண்டு காலையும் அகட்டி நின்று, கடப்பாரையைத் தூக்கி, நடுவில் இறக்கினேன்.